கோணல் பல்லால் சிரிக்கவே தயங்கும் டீன் ஏஜ் பிள்ளைகள்... 'கிளிப்' எப்போது தேவை?

குரூப் போட்டோவில் வாயை இறுக்கி மூடிக்கொள்வது, சிரிப்பு வந்தால் கையால் பொத்திக்கொள்வது, வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் தயங்குவது... 12, 13 வயதுப் பிள்ளை இப்படி இருந்தால் 'கூச்ச சுபாவம்' என்று பெற்றோர் விட்டுவிடுவார்கள். சில பிள்ளைகளுக்கு அது கூச்சமே இல்லை, பல்தான் பிரச்னை.

பல் வரிசை ஏன் கோணலாகிறது?

எத்துப்பல், தெத்துப்பல், பல் மேல் பல், பற்களுக்கு நடுவே பெரிய இடைவெளி, கீழ்த்தாடை முன்னால் தள்ளியிருப்பது என எல்லாவற்றுக்கும் மருத்துவத்தில் 'மால்அக்லூஷன்' என்றுதான் பெயர். வாயை மூடும்போது மேல் பற்களும் கீழ்ப் பற்களும் சரியாகப் பொருந்தாத நிலை இது. அப்பா, அம்மாவின் தாடை அமைப்பு முக்கியக் காரணம். நீண்ட நாள் விரல் சூப்புவது, வாய் வழியாக மூச்சு விடுவது ஆகியவையும் உண்டு. பலர் கவனிக்காத ஒன்று பால் பல் சொத்தை. 'எப்படியும் விழப்போற பல்லுதானே' என்று விட்டுவிட்டால், கடைவாய்ப் பால் பல் முன்கூட்டியே போய், பக்கத்துப் பல் அந்த இடத்துக்குச் சாய்ந்துவிடும். பிறகு முளைக்க வேண்டிய நிரந்தரப் பல்லுக்கு இடமே இருக்காது.

மனசு பாதிப்பதை எப்படி அளக்கிறார்கள்?

வெறும் எக்ஸ்ரே போதாது, பிள்ளையிடமே கேட்க வேண்டும் என்பதற்காக கனடாவில் ஒரு கேள்வித்தாள் உருவாக்கப்பட்டது. 11 முதல் 14 வயது வரையுள்ளவர்களுக்கானது. கடந்த 3 மாதங்களில் மற்றவர்களைவிடச் சாப்பிட அதிக நேரம் ஆனதா, சிரிப்பதைத் தவிர்த்தாயா, மற்ற பிள்ளைகள் கிண்டல் செய்தார்களா, வகுப்பில் சத்தமாக வாசிக்க விருப்பமில்லாமல் இருந்ததா என்றெல்லாம் கேட்கும். பல நாடுகளில் இதை வைத்து ஆய்வுகள் நடந்துள்ளன. மெல்லுவதில் வரும் சிரமத்தைவிட, உணர்வும் நட்பு வட்டமும் சார்ந்த கேள்விகளில்தான் பாதிப்பு அதிகம் தெரிகிறது.

ஆனால் ஒரு விஷயம் கவனிக்கணும். டாக்டர் அளக்கும் கோணலும் பிள்ளை படும் வேதனையும் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. லேசான கோணலுக்கே ஒடுங்கிப்போகும் பிள்ளையும் உண்டு, பெரிய எத்துப்பல்லோடு கலகலப்பாகத் திரியும் பிள்ளையும் உண்டு. தெத்துப்பல் தெரியச் சிரிப்பதை அழகு என்று சொல்லும் ஊர்தானே இது! ஜப்பானிலும் 'யாயேபா' என்று அதை ரசிப்பவர்கள் இருக்கிறார்கள்.

சரி செய்துவிட்டால் தன்னம்பிக்கை தானாக வந்துவிடுமா? பிரிட்டனின் கார்டிஃப் நகரில் 1981-ல் 11, 12 வயதுப் பிள்ளைகள் 1,018 பேரிடம் தொடங்கிய ஆய்வு இங்கே முக்கியமானது. 20 ஆண்டுகள் கழித்து அவர்களில் 337 பேரை மீண்டும் பரிசோதித்தார்கள். சிகிச்சை பெற்றவர்களுக்குப் பற்கள் நன்றாக இருந்தன. ஆனால், தேவையிருந்தும் சிகிச்சை பெறாதவர்கள் பெரியவர்களான பிறகு அதனால் மனரீதியாகப் பின்தங்கிவிடவில்லை. அதாவது, கிளிப் போடாவிட்டால் வாழ்க்கையே போச்சு என்று பயமுறுத்துவது தவறு. அதே நேரம், 13 வயதில் தினமும் 'பல்லு' என்று பட்டப்பெயர் கேட்கும் பிள்ளைக்கு, இருபது வருஷம் கழித்துச் சரியாகிவிடும் என்பது ஆறுதலும் இல்லை. கிண்டலை நிறுத்துவது பள்ளியின் வேலை. அதற்குப் பதிலாகப் பல்லை மட்டும் திருத்தினால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

எப்போது தள்ளிப்போடக் கூடாது?

மேல் முன்பற்கள் ரொம்பவே வெளியே நீண்டிருந்தால், விளையாடும்போது அடிபட்டு உடையும் ஆபத்து அதிகம். கீழ்ப் பல் மேல் அண்ணத்தைக் குத்துவது, கோரைப்பல் முளைக்காமல் எலும்புக்குள்ளேயே சிக்கிப் பக்கத்துப் பல்லின் வேரை அரிப்பது ஆகியவை அழகு சம்பந்தப்பட்டவை அல்ல. இவற்றுக்குச் சிகிச்சை அவசியம்.

முதல் பரிசோதனையை 7 வயதுக்குள் செய்துவிட வேண்டும் என்கிறது அமெரிக்க பல் சீரமைப்பு மருத்துவர்கள் சங்கம். அப்போதே கிளிப் போட வேண்டும் என்று அர்த்தமில்லை. பெரும்பாலானோருக்கு நிரந்தரப் பற்கள் முளைத்து முடியும் 12, 13 வயதையொட்டித்தான் சிகிச்சை தொடங்கும். தாடை வளர்ச்சியில் குறை இருந்தால் மட்டும், உயரம் வேகமாகக் கூடும் பருவத்தைத் தவறவிடக் கூடாது. வளர்ச்சி நின்ற பிறகு தாடையைச் சரிசெய்ய அறுவை சிகிச்சை வரை போக நேரலாம்.

சிகிச்சைக்குச் சாதாரணமாக ஒன்றரை முதல் 2 வருடம் ஆகும். முதல் சில நாள் வலிக்கும். இட்லி, தயிர் சாதம் மாதிரி மென்மையான சாப்பாடு போதும். முறுக்கு, சீடை கடித்தால் கிளிப் பெயர்ந்துவிடும். சரியாகத் துலக்காவிட்டால் கிளிப்பைச் சுற்றி வெள்ளைத் தழும்பு விழும். தனியாரில் செலவு கட்டுப்படியாகாதவர்கள், சென்னை பாரிமுனை அருகே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம்.

சோஷியல் மீடியா வீடியோ பார்த்து, பற்களில் சாதாரண ரப்பர் பேண்டை மாட்டிக்கொள்வது மட்டும் கூடவே கூடாது. அது ஈறுக்குள் நழுவி எலும்பை அரித்து, நல்ல பல்லையே விழவைத்துவிடும்.

கிளிப் கழற்றிய பிறகும் ரிட்டெய்னர் போட வேண்டும், இல்லையென்றால் பற்கள் மெல்லப் பழைய இடத்துக்கே நகரும். அது எத்தனை காலத்துக்கு, தொலைந்தால் புதிதாகச் செய்ய எவ்வளவு ஆகும் என்பதை முதல் நாளே டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.