பேராசிரியர் முஹம்மத் மக்கிய்யாவும் பக்தாதின் பழைய மினாராவும்

கடந்த நோன்பு காலத்தில் ஒரு நாள் இரவு, தராவீஹ் முடிந்து பள்ளிவாசல் விறாந்தையில் உட்கார்ந்திருந்தோம். மஸ்கட்டில் பல வருடங்கள் தொழில் பார்த்துவிட்டு ஊருக்கு வந்திருந்த காக்கா ஒருவர் தன் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். ஓமானின் சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசல்.

"பாருங்க சேர், பள்ளியெண்டா இப்புடி ஈக்கணும். எங்கடத இடிச்சிப் போட்டு இந்த மாதிரி ஒண்டு எடுப்பமே" என்றார்.

சுற்றியிருந்தவர்கள் தலையசைத்தார்கள். கூரை ஒழுகுகிறது, ஜும்ஆவுக்கு இடம் போதாது என்ற நியாயங்களும் உண்மைதான். எங்கள் பள்ளி கபுக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டியது. ஒரு நூற்றாண்டைத் தாண்டிவிட்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ளுஹர் நேரத்தில் வெயிலிலிருந்து உள்ளே கால் வைத்தால் உடம்பு குளிரும். அந்தக் குளிர்ச்சி எப்படி வருகிறது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

"காக்கா, அந்தப் பள்ளியக் கட்டினது யாரு?" என்று கேட்டேன்.

"சுல்தான்தான்" என்றார்.

காசு கொடுத்தவர் சுல்தான். வரைந்தவர் யார்? அன்று எனக்கும் தெரியாது. தமிழ் படித்து, தமிழ் படிப்பிக்கின்ற எனக்குக் கட்டடக்கலை தூரத்து விஷயம். ஆனால் கேள்வி மனதில் தங்கிவிட்டது. தேடிப் பார்த்தபோது கிடைத்த பெயர்தான் முஹம்மத் ஸாலிஹ் மக்கிய்யா. குவாட் டிசைன் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து மஸ்கட் பள்ளியின் வடிவமைப்பைச் செய்தவர் அவர். 2001ஆம் ஆண்டு அது திறக்கப்பட்டபோது அவருக்கு வயது எண்பத்தேழு. குவைத்தில் 1986இல் திறக்கப்பட்ட பெரிய பள்ளிவாசலும் அவருடைய வரைபுதான். குவைத்திலும் ஓமானிலும் உழைத்த நம்மவர் எத்தனையோ பேர் அவருடைய கூரையின் கீழ் ஸுஜூது செய்திருப்பார்கள். பெயர் மட்டும் நம்மிடம் வந்து சேரவில்லை.

மக்கிய்யா 1914இல் பக்தாதில் பிறந்தார். அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்று இங்கிலாந்து போனார். லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலையும் நகர வடிவமைப்பும் படித்தார். பிறகு கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்து 1946இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். மத்தியதரைப் பிரதேசத்தில் காலநிலை கட்டடக்கலையின் வளர்ச்சியை எப்படிப் பாதித்தது என்பதே அவருடைய ஆய்வுப் பொருள். வெயிலும் காற்றும் மழையும் சுவரையும் சாளரத்தையும் எப்படித் தீர்மானிக்கின்றன என்ற கேள்வியைத்தான் அவர் ஊருக்கு எடுத்துக்கொண்டு திரும்பினார். அதே 1946இல் பக்தாதில் தனது சொந்தக் கட்டடக்கலை அலுவலகத்தைத் திறந்தார்.

அந்த நேரத்து பக்தாதை நினைத்துப் பாருங்கள். எண்ணெய்ப் பணம் வரத் தொடங்கியிருந்தது. 1950இல் அமைக்கப்பட்ட அபிவிருத்திச் சபை அணைகளையும் பாலங்களையும் கட்டடங்களையும் திட்டமிட்டது. ஃபிராங்க் லொய்ட் ரைட், லு கொர்பூசியே, வால்டர் குரோபியஸ் என்று உலகப் புகழ் பெற்றவர்கள் பக்தாதுக்காக வரைய அழைக்கப்பட்டார்கள். பழைய நகரை ஊடறுத்துப் புதிய அகன்ற வீதிகள் வெட்டப்பட்டன. வீதி போகும் வழியில் எது நின்றதோ அது விழுந்தது. ஈராக்கியப் பிள்ளை ஒருவன் கட்டடக்கலை படிக்க விரும்பினாலோ வெளிநாடுதான் போக வேண்டும். நாட்டில் அதற்கென ஒரு பல்கலைக்கழகத் துறை இருக்கவில்லை.

1958 ஜூலையில் மன்னராட்சி கவிழ்ந்தது. அடுத்த வருடம், 1959இல், பக்தாத் பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரியில் கட்டடக்கலைத் துறை தொடங்கியது. தொடக்கியவர்களில் முதன்மையானவர் மக்கிய்யா. 1968 வரை துறைத் தலைவராக இருந்தார். சொந்த அலுவலகத்தையும் அவர் மூடவில்லை. ஒருபுறம் வகுப்பறை, மறுபுறம் வரைபலகை என்று இரண்டையும் தூக்கிக்கொண்டு நடந்தார்.

அவர் மாணவர்களுக்குக் கொடுத்த வேலையைப் பற்றி வாசித்தபோது, ஓர் ஆசிரியனாக எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. பழைய பக்தாதின் ஒழுங்கைகளுக்கு அவர்களை அனுப்பினார். வீடுகளை அளந்து, வரைந்து, பதிவு செய்யப் பணித்தார். புதிதாக வரைவதற்கு முதல், இருப்பதை அளந்து அறிய வேண்டும் என்பதே பாடம்.

அந்த வீடுகளில் என்ன இருந்தது? நடுவில் 'ஹவ்ஷ்' என்கிற திறந்த முற்றம். மேல்மாடியில் ஒழுங்கைப் பக்கமாக நீட்டி நிற்கும் 'ஷனாஷீல்' என்கிற மரச் சாளரங்கள். உள்ளேயிருக்கும் பெண்கள் வெளியே பார்க்கலாம், வெளியிலிருந்து உள்ளே தெரியாது. எதிரெதிர் வீட்டு ஷனாஷீல்கள் நெருங்கி வருவதால் கீழே நடப்பவருக்கு நிழல். நிலத்துக்குக் கீழே 'ஸர்தாப்' என்கிற அறை. கூரையில் 'பாத்கீர்' என்கிற காற்றுவாரி. அது மேலே காற்றைப் பிடித்து, தடித்த சுவருக்குள் இருக்கும் குழாய் போன்ற வழியால் கீழே இறக்கும். இறங்கி வரும்போதே காற்று குளிர்ந்து ஸர்தாபை அடையும். பக்தாதின் கோடை வெப்பம் 45 பாகையைத் தாண்டக்கூடியது. பகல் வெயிலுக்கு ஸர்தாபில் படுப்பார்கள், இரவில் மொட்டை மாடியில் உறங்குவார்கள். ஒரே நாளில் வீட்டுக்குள்ளேயே மேலும் கீழுமாகக் குடிபெயர்கின்ற வாழ்க்கை. மின்சாரம் தேவைப்படாத அறிவு இது. பெரும்பாலும் மேசன்மாருடைய கையிலும் சுவரிலும் அது இருந்தது. சுவர் விழுந்தால் அறிவும் விழும். அதனால்தான் அளவு நாடா.

மாணவர்களுக்குச் சொன்னதைத் தானும் செய்து காட்ட அவருக்கு ஒரு சந்தர்ப்பம் வந்தது. பழைய நகரில் ஸூக் அல்-கஸ்ல், அதாவது நூல் சந்தை, என்ற இடத்தில் ஒரு மினாரா நின்றது. அங்கே ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் அப்பாஸிய கலீபா அல்-முக்தஃபி கட்டிய அரண்மனை ஜாமிஉப் பள்ளி இருந்தது. 1258இல் மங்கோலியர் பக்தாதை அழித்த பின்னர், அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மினாரா மீளக் கட்டப்பட்டது. பள்ளி காலத்தோடு போயிற்று. செங்கல் மினாரா மட்டும் தப்பி, சந்தை இரைச்சலுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது. 1960களின் தொடக்கத்தில் அந்த இடத்தில் புதிய பள்ளி ஒன்று கட்டும் பொறுப்பு மக்கிய்யாவிடம் வந்தது. அதுதான் ஜாமிஉல் குலஃபா, கலீபாக்களின் பள்ளிவாசல்.

இடமோ சிறியது. புதிதாக ஒன்றை ஓங்கி எழுப்பிப் பெயர் வாங்க நினைப்பவருக்கு அந்தப் பழைய மினாரா ஓர் இடைஞ்சல். மக்கிய்யா அதையே தலைமகனாக வைத்தார். எண்கோணத் தொழுகைக் கூடம், மேலே ஒரு குப்பா, சுற்றி வளைவுகளும் நடைகளும். எலும்புக்கூடு கொங்கிரீட்டு, தோல் பக்தாதின் மஞ்சள் செங்கல். சுவர்களில் கூஃபி எழுத்துகள். பழைய செங்கலின் நிறமும் புதிய செங்கலின் நிறமும் ஒன்றோடொன்று பேசும்படி செய்தார். பாங்கு சொல்லும் கோபுரம் எழுநூறு வருடத்துக்கு முந்தியது, தொழும் கூடம் நேற்றையது. இரண்டும் ஒரே பள்ளி. 1963இல் வேலை முடிந்தது. இன்றும் அவருடைய பெயரைச் சொன்னால் கட்டடக்கலை தெரிந்தவர்கள் முதலில் நினைப்பது குவைத்தையோ மஸ்கட்டையோ அல்ல, இந்தச் சிறிய பள்ளியைத்தான்.

அவருடைய பெரிய கனவொன்று நிறைவேறவில்லை. கூஃபா நகரில் ஒரு பல்கலைக்கழகம் அமைக்க வேண்டுமென்று 1960களில் அவரும் இன்னும் சிலரும் முயன்றார்கள். கூஃபாவின் பெயர் நமக்குப் புதிதல்ல. கூஃபி எழுத்து அங்கிருந்துதான் பெயர் பெற்றது. அரபு இலக்கணத்தில் பஸராவும் கூஃபாவும் இரண்டு பெரிய மரபுகள். தொல்காப்பியத்துக்கு உரை கண்டவர்கள் மாறுபடுவதைப் படித்த எனக்கு, அந்த இரு ஊர் இலக்கணகாரர்களின் வாதங்களும் சொந்த வீட்டுச் சண்டை போலத்தான் தோன்றும். அப்படிப்பட்ட ஊரில் மீண்டும் ஓர் அறிவகம் எழ வேண்டுமென்பது அவருடைய ஆசை. 1968 ஜூலையில் பஅத் கட்சி ஆட்சியைப் பிடித்தது. திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். துறைத் தலைமையும் அந்த வருடத்தோடு முடிந்தது. பின்னர் 1970களில் நாட்டுக்கு வெளியே வேலையாக இருந்தபோது, ஊர் திரும்பினால் ஆபத்து என்று தெரிந்து லண்டனில் தங்கிவிட்டார்.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பெரியவர்களைப் பற்றி எழுதும்போது குறையைத் தவிர்த்துவிடுவது நம்மில் ஒரு பழக்கம். 1980களில் ஸத்தாம் ஹுஸைனின் அரசாங்கம் அதே மக்கிய்யாவை வேலைக்கு அழைத்தது. அவர் போனார். 1982இல் நடந்த பக்தாத் அரச பள்ளிவாசல் போட்டியிலும் கலந்துகொண்டார். அவருடைய மகன் கனான் மக்கிய்யாவும் கட்டடக்கலைஞர்தான், தந்தையின் நிறுவனத்தில் வேலை செய்தவர். அவர் அந்த வழியை விட்டு விலகி, ஸத்தாமின் ஆட்சியைக் குற்றம் சாட்டும் 'ரிபப்ளிக் ஒஃப் ஃபியர்' என்ற நூலை 1989இல் புனைபெயரில் வெளியிட்டார். ஒரே வீட்டில் தந்தை அந்த ஆட்சிக்காக வரைகிறார், மகன் அதே ஆட்சிக்கு எதிராக எழுதுகிறார்.

தந்தையைத் தீர்ப்பளிக்க நான் யார்? பல வருடம் பிரிந்திருந்தாலும் ஊர் ஊர்தான். ஆனால் ஒன்று விளங்குகிறது. ஒரு கவிஞனுக்குத் தாளும் மையும் போதும். கட்டடக்கலைஞனுக்குக் காணி வேண்டும், காசு வேண்டும், ஆளுபவனின் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்து யாருடையது என்பதை அவன் எப்போதும் தெரிவு செய்ய முடிவதில்லை. இத்தனைக்கும் பிறகு அந்த அரச பள்ளிவாசல் கட்டப்படவேயில்லை. கூஃபாப் பல்கலைக்கழகத்தையும் அவர் கட்டவில்லை. அந்தக் கனவின் பெயரை மட்டும் லண்டனில் தான் திறந்த கூஃபா கலைக்கூடத்துக்கு வைத்தார். ஏறத்தாழ இருபது வருடம் அங்கே அரபுலகின் ஓவியமும் கவிதையும் பேச்சும் ஒன்றுகூடின.

அவர் தொடக்கி வைத்த துறை மட்டும் நின்றது. ஆட்சிகள் மாறின, யுத்தங்கள் வந்தன, பொருளாதாரத் தடை வந்தது. பழைய பக்தாதின் எத்தனையோ வீடுகள் இடிந்தும் இடிக்கப்பட்டும் போயின. வகுப்பிலிருந்து வந்தவர்கள் ஈராக்கிலும் வளைகுடாவிலும் மேலை நாடுகளிலும் பரவிப்போய் வரைந்தார்கள், படிப்பித்தார்கள். 2015 ஜூலை 19ஆம் திகதி லண்டனில் தமது 101ஆவது வயதில் அவர் காலமானார். அவருடைய வரைபடங்களும் ஆவணங்களும் இப்போது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

இதையெல்லாம் வாசித்து முடித்த பிறகு அந்தக் காக்காவை மறுபடி சந்தித்தேன். அவர் காட்டிய பள்ளியை வரைந்தவர், எழுநூறு வருடத்து மினாரா ஒன்றை இடிக்காமல் அதையே நடுவில் வைத்துப் பள்ளி கட்டியவர் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார்.

"அப்ப இடிக்க வாணாண்டு செல்றீங்களா சேர்?"

அப்படிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. கூரை ஒழுகுவது உண்மை, இடம் போதாததும் உண்மை. தீர்மானம் ஜமாஅத்துக்குரியது. ஆனால் எது போகப்போகிறது என்பதைத் தெரிந்துகொண்டு தீர்மானிக்கலாமே என்றேன். சுவரின் தடிப்பு எத்தனை அங்குலம், முகட்டின் உயரம் எவ்வளவு, சாளரங்கள் எந்தத் திசையைப் பார்க்கின்றன, ஹவ்ழுக்குத் தண்ணீர் எந்த வழியால் வந்தது என்று ஒரு தாளிலாவது எழுதியிருக்க வேண்டாமா? நம் நாட்டில் எத்தனை பழைய பள்ளிகளை ஒரு படம்கூட எடுத்து வைக்காமல் இடித்திருக்கிறோம்!

நிர்வாக சபையில் பேசி அனுமதி வாங்கித் தந்தவர் அந்தக் காக்காதான். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேர் வருகிறார்கள். மேசன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு வாப்பாவும் கூட வரச் சம்மதித்திருக்கிறார், கபுக்கல் வேலையின் பெயர்களெல்லாம் அவருக்குத்தான் தெரியும். வருகிற வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு, இன்ஷா அல்லாஹ், மிஹ்ராபுப் பக்கத்துச் சுவரிலிருந்து அளக்கத் தொடங்குகிறோம்.