நெகிழ்வட்டுக் கோப்பு மீட்பு

நெகிழ்வட்டுக் கோப்பு மீட்பு என்பது, பிளாப்பி என்று பேச்சில் வழங்கும் பழைய காந்த வட்டுகளில் தங்கிவிட்ட தரவை இன்றைய கணினிக்குக் கொண்டுவரும் வேலை. ஐபிஎம் 1971-இல் 8 அங்குல வட்டை வெளியிட்டது. 1976-இல் சுகார்ட் நிறுவனத்தின் 5.25 அங்குல வட்டும், 1981-இல் சோனியின் 3.5 அங்குல வட்டும் வந்தன. 1998-இல் வெளியான ஐமேக்கில் ஆப்பிள் பிளாப்பி டிரைவே வைக்கவில்லை. ஜப்பானில் சோனி தன் வட்டு விற்பனையை 2011 மார்ச்சில் நிறுத்தியது.

டிரைவ் கிடைத்துவிட்டால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். போதாது. ஒரே 3.5 அங்குல வட்டில் ஐபிஎம் வகைக் கணினி 720 கிலோபைட் எழுதியது, அமிகா கணினி 880 எழுதியது. மெக்கின்டாஷ் 800 எழுதியது, அதுவும் வட்டு சுழலும் வேகத்தை இடத்துக்கு இடம் மாற்றி. இப்போது கடையில் விற்கும் யுஎஸ்பி டிரைவ்களுக்குப் பொதுவாக ஐபிஎம் வகை மட்டுமே புரியும். வேறு வட்டைச் செருகினால் ஃபார்மட் செய்யலாமா என்று கணினி கேட்கும். சரி என்று அழுத்தினால் உள்ளதும் போயிற்று. ஆகவே வட்டின் மூலையிலுள்ள சிறு துளையை முதலில் திறந்துவிட வேண்டும். துளை திறந்திருக்கும் வட்டில் டிரைவ் எழுதாது.

கிரையோஃபிளக்ஸ், கிரீஸ்வீசல் போன்ற கருவிகள் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்தன. இவை வட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று ஆராய்வதில்லை. காந்தத் திசை மாறும் ஒவ்வொரு இடத்துக்கும் இடைப்பட்ட நேரத்தை அப்படியே பதிவு செய்கின்றன. பொருள் காண்பதை மென்பொருள் பிறகு நிதானமாகச் செய்துகொள்ளும். நைந்த வட்டை மீண்டும் மீண்டும் சுழற்ற வேண்டியதில்லை.

இத்துறையில் பெரிதும் பேசப்பட்ட மீட்பு ஓவியர் ஆண்டி வார்ஹோலுடையது. 1985-இல் அமிகா 1000 அறிமுக விழாவில், பாடகி டெபி ஹாரியின் படத்தை அவர் மேடையிலேயே கணினியில் வரைந்து காட்டினார். அவருடைய வட்டுகள் பிட்ஸ்பர்கிலுள்ள வார்ஹோல் அருங்காட்சியகத்தில் படிக்க ஆளின்றிக் கிடந்தன. கலைஞர் கோரி ஆர்கேஞ்சல் 2011-இல் அவற்றைக் கேட்டுப் போனார். கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினி மன்றத்தினர் கிரையோஃபிளக்ஸால் நகலெடுத்தனர். சிரமம் அதற்குப் பிறகே தொடங்கியது. படங்கள் எந்த மென்பொருளுக்கும் பிடிபடாத வடிவில் இருந்தன. அந்த வடிவின் அமைப்பைப் பைட் பைட்டாகக் கண்டறிய வேண்டியிருந்தது. 2014 ஏப்ரலில் 28 படங்கள் கிடைத்ததாக அறிவித்தார்கள். ஒன்றில் போட்டிசெல்லியின் வீனஸுக்கு மூன்று கண்கள்.

ஜோர்டன் மெக்னர் 1989-இல் ஆப்பிள் II கணினிக்கு எழுதிய 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' விளையாட்டின் மூலநிரலும் இப்படியே 2012-இல், அவர் தந்தை கண்டெடுத்த பெட்டியிலிருந்த வட்டுகளிலிருந்து மீண்டது.

தமிழ்க் கோப்புகளுக்கு இன்னொரு படி உண்டு. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள் பல தமக்கெனக் குறியீடு வைத்திருந்தன. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று தட்டியிருந்தால் கோப்பில் இருப்பவை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் ஆகியவையே. டிஸ்கி, டாப், டாம் என்று குறியீட்டு முறைகள் பல. ஒவ்வொன்றுக்கும் உரிய மாற்றி வேண்டும். எழுத்துருவின் பெயர் தெரிந்தால் பாதி வேலை குறையும். பழைய வட்டு வைத்திருப்போர் அதன்மேல் ஒட்டியுள்ள சீட்டைக் கிழித்துவிட வேண்டாம்; அந்தப் பெயர் அதில் எழுதப்பட்டிருக்கலாம்.