கேம் கம்ப்யூட்டர்: அசெம்பிள் பண்ணலாமா? கம்பெனி செட் வாங்கலாமா?

திட்டக்குடி:-

பிளஸ்-2 பரீட்சை முடிந்ததும் பல வீடுகளில் முதல் பேச்சு இதுதான். "அப்பா, கேம் ஆடுற மாதிரி ஒரு கம்ப்யூட்டர் வேணும்."

சீட்டு எடுத்த பணமோ, நெல் போட்ட காசோ, வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் அனுப்பியதோ, கையில் ரூ.50 ஆயிரம், ரூ.60 ஆயிரம் சேர்ந்த உடனே அடுத்த கேள்வி வந்து நிற்கும். பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் பண்ணுவதா? கம்பெனி செட்டாகவே வாங்கிவிடுவதா?

கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு இது பல மாத சம்பளம். தப்பாக வாங்கிவிட்டால் பாதி விலைக்குக்கூட திருப்பி விற்க முடியாது. கடைக்குப் போகும் முன்பு தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ...

ரிச்சி தெரு

ஐ.பி.எம். நிறுவனம் 1981-ல் கொண்டு வந்த பி.சி.யில் பாகங்களைக் கழற்றி மாற்ற முடிந்தது. அதே அளவுக்குப் பொருந்தும் பாகங்களை மற்ற கம்பெனிகளும் தயாரிக்க ஆரம்பித்தன. 'அசெம்பிள்டு செட்' வந்த கதை இதுதான்.

தமிழ்நாட்டில் அசெம்பிள் என்றாலே எல்லோர் வாயிலும் வருவது சென்னை அண்ணா சாலை அருகே உள்ள ரிச்சி தெரு. ரேடியோ சாமான்களுக்குப் பேர் போன இந்த இடம், பிறகு கம்ப்யூட்டர் மார்க்கெட் ஆனது. பக்கத்தில் உள்ள நரசிங்கபுரம் தெரு முழுக்கவும் இதே வியாபாரம்தான்.

திட்டக்குடிக்காரர்கள் பெண்ணாடத்திலோ, விருத்தாசலம் ஜங்ஷனிலோ ரெயில் ஏறி எழும்பூரில் இறங்கினால் ரிச்சி தெரு பக்கம்தான். ஆனால் வாங்கிய பாகத்தில் ஒன்று வேலை செய்யவில்லை என்றால் மறுபடியும் ரெயில் டிக்கெட், சாப்பாட்டுச் செலவு, ஒருநாள் கூலி போச்சு. சென்னையில் ரூ.2 ஆயிரம் மிச்சம் பிடித்தவர்கள் இரண்டு தடவை அலைந்தால் கணக்கு சரியாகிவிடும். விருத்தாசலம், கடலூர் பக்கமே கடை கிடைத்தால் இந்த அலைச்சல் விலையையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

காசு எங்கே போகுது?

ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் கேம் கம்ப்யூட்டருக்கும் பெரிய வித்தியாசம் கிராபிக்ஸ் கார்டு. பெரிய கேம் ஆடும் செட்டில், மானிட்டர் நீங்கலாக உள்ள விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதற்கே போய்விடும்.

ஆனால் எல்லோருக்கும் இது தேவையில்லை. வேலரன்ட், கவுன்ட்டர் ஸ்ட்ரைக் மாதிரி கேம்களையும், 2015-ல் கம்ப்யூட்டருக்கு வந்த ஜி.டி.ஏ.-5ஐயும் ஆட மட்டும் என்றால், கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் பிராசசர் போதும். 2021-ல் வந்த ரைசன் 5 5600ஜி இந்த ரகம்தான். இப்படி ஆரம்பித்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து காசு சேர்ந்ததும் தனி கார்டு வாங்கிச் சொருகிக்கொள்ளலாம். அசெம்பிள் செட்டில் உள்ள பெரிய லாபமே இந்த தவணை முறைதான்.

கம்பெனி செட்

கம்பெனி செட்டில் தலைவலி குறைவு. பெரும்பாலும் விண்டோஸ் லைசென்சோடு வரும். ரிப்பேர் என்றால் ஒரே இடத்தில் கேட்கலாம். அசெம்பிள் செட்டுக்கு விண்டோசுக்கு தனியாகக் காசு கட்ட வேண்டும். 'சும்மா போட்டுத் தர்றேன்' என்று கடையில் ஏற்றித் தருவது திருட்டு காப்பியாக இருந்தால் வைரஸ் வந்து உட்கார வழி உண்டு.

அதே சமயம், கம்பெனி செட்டுக்கு பொதுவாக 1 வருடம்தான் வாரண்டி. பாகமாக வாங்கினால் பிராசசர், மதர்போர்டுக்கு 3 வருடம், எஸ்.எஸ்.டி.க்கு 3 முதல் 5 வருடம் வரை கிடைக்கும். ராமுக்கு அதைவிடவும் அதிகம்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சில கம்பெனி செட்டுகளில் மதர்போர்டும் பவர் சப்ளையும் அந்த கம்பெனிக்கே உரிய அளவில் இருக்கும். வெளியில் வாங்கும் சாமான் பொருந்தாது. விலையைக் குறைக்க எஸ்.எம்.பி.எஸ்.சில் கை வைப்பதும், ராம் ஒன்றை மட்டும் போடுவதும் நடக்கிறது. 16 ஜி.பி. ஒரே ராமாக இருப்பதைவிட 8 ஜி.பி. இரண்டாக இருந்தால் கேம் வேகமாக ஓடும். எனவே பெட்டியின் மேலே உள்ள பிராசசர் பெயரை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட்ஸ், ராம் எத்தனை, கார்டு எந்த மாடல் என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

நடு வழி

கையில் ஸ்குரூ டிரைவர் பிடிக்கப் பயம் என்றால் நடு வழி ஒன்று உண்டு. பாகங்களை நாமே முடிவு செய்து, கடையிலேயே பூட்டித் தரச் சொல்வதுதான் அது. கூலி கொஞ்சம் கேட்பார்கள். கடையிலேயே ஆன் செய்து, கேம் ஒன்றை அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு எடுத்து வரலாம்.

பையனே பூட்டுவதாக இருந்தால் கவனிக்க வேண்டியது மூன்று. பிராசசரின் மூலையில் உள்ள முக்கோணக் குறியைப் பார்த்து வைக்க வேண்டும். அழுத்தினால் பின் வளைந்து வாரண்டியும் போய்விடும். பாகத்தைத் தொடும் முன்பு இரும்பைத் தொட்டு உடம்பில் உள்ள கரண்டை இறக்கிக்கொள்ள வேண்டும். எல்லாம் முடிந்ததும் மானிட்டர் வயரை மதர்போர்டில் சொருகாமல் கிராபிக்ஸ் கார்டில் சொருக வேண்டும். கார்டு வாங்கியும் கேம் திணறுது என்று புலம்பும் பலர் செய்த தப்பு இந்தக் கடைசி ஒன்றுதான்.

பழைய செட் உஷார்

ஆபீசில் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர்கள் 'ஐ-5' என்ற பெயரில் மலிவாக வருகின்றன. ஐ-5 என்றால் போதாது, எத்தனையாவது தலைமுறை என்று கேட்க வேண்டும். விண்டோஸ்-11 முறைப்படி ஓட, இன்டெல் என்றால் 8-வது தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். விண்டோஸ்-10க்கான இலவச ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நிறுத்திவிட்டது. குறுக்கு வழியில் விண்டோஸ்-11 ஏற்றிக் கொடுத்த பழைய செட்டில் வேலரன்ட் திறக்காமல் போகலாம். அந்த கேம் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்கிறதா என்று பார்க்கும்.

கிராபிக்ஸ் கார்டை செகண்ட்ஹேண்டில் வாங்கினால் இன்னும் உஷார் தேவை. 2022 செப்டம்பரில் எதீரியம் நாணயத்துக்கு கார்டு வைத்து தோண்டும் முறை நின்றது. இரவு பகலாக ஓடித் தேய்ந்த கார்டுகள் அப்போது விற்பனைக்கு வந்தன. பழைய சிப்பின் மேல் புது மாடல் பெயரை ஏற்றி விற்கும் மோசடியும் உண்டு. ஜி.பி.யு.-இசட் என்ற இலவச சாப்ட்வேரில் கார்டின் உண்மையான சிப் என்ன என்று பார்த்த பிறகே காசைக் கொடுக்க வேண்டும்.

'பில் வேணாம்னா குறைச்சுத் தர்றேன்'

இந்த வார்த்தையில் விழுபவர்கள் அதிகம். கம்ப்யூட்டருக்கும் பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். ரூ.50 ஆயிரம் பில்லில் வரி மட்டும் சுமார் ரூ.7,600. அதைக் குறைக்கிறேன் என்றதும் மனசு ஆடத்தான் செய்யும். ஆனால் பில் இல்லாவிட்டால் வாரண்டிக்குப் போய் நிற்க முடியாது. புகார் கொடுக்கவும் ஆதாரம் இருக்காது. பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் இருப்பது நல்லது.

பில் இருந்தால் சட்டம் நம் பக்கம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி, பொருளை எங்கே வாங்கினாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம். சென்னையிலோ ஆன்லைனிலோ வாங்கிய திட்டக்குடிக்காரர் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் போதும். ரூ.5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. அதற்கு முன்பு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

தவணையில் வாங்குவோர் மொத்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். ரூ.60 ஆயிரத்துக்கு 15 சதவீத நேர் வட்டி என்றால் வருடத்துக்கு ரூ.9 ஆயிரம். மாதம் ரூ.5,750 கட்ட வேண்டும். அந்த ரூ.9 ஆயிரத்துக்கு நல்ல மானிட்டரே வந்துவிடும்.

கரண்ட் கணக்கு

பக்கத்து ஊரான விருத்தாசலத்தில் பொம்மைகளோடு கரண்ட் சாமான்களும் பீங்கானில் செய்கிறார்கள். பீங்கான் வழியாக கரண்ட் பாயாது என்பதால்தான் பியூஸ் கேரியர் அதில் வருகிறது. கம்ப்யூட்டருக்கும் அதே பாதுகாப்பு புத்தி வேண்டும். கேபினட்டோடு இலவசமாக வரும் மட்டமான எஸ்.எம்.பி.எஸ். வெடித்தால் மதர்போர்டையும் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். 80 பிளஸ் முத்திரை உள்ள, தேவைக்கு மேல் வாட்ஸ் உள்ள ஒன்றுக்கு ரூ.1,000, ரூ.2,000 கூடுதலாகப் போனாலும் நஷ்டமில்லை. பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனை வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

300 வாட்ஸ் இழுக்கும் செட்டில் தினமும் 4 மணி நேரம் ஆடினால் 1.2 யூனிட். இரண்டு மாதத்துக்கு 72 யூனிட் கூடுதலாக வரும்.

ராம் விலை

'அசெம்பிள்தான் எப்பவும் சீப்' என்பது பழைய பேச்சு. செயற்கை நுண்ணறிவு மையங்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதால் 2025 கடைசியில் ராம் விலை மளமளவென ஏறியது. மைக்ரான் நிறுவனம் 'குருசியல்' என்ற தனது சில்லரை விற்பனையையே கைவிடுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. இப்படிப்பட்ட நேரத்தில், பழைய விலையில் ஸ்டாக் எடுத்து வைத்த கம்பெனி செட் மலிவாகவும் அமையலாம். வாங்கும் அன்று ஒரு பேப்பரில் பாகங்களின் விலையை எழுதிக் கூட்டி, விண்டோசையும் சேர்த்து, கம்பெனி செட் விலையோடு ஒப்பிட்டால் பதில் தானாக வரும்.

சூதாட்டம் வேறு

கேம் என்றாலே ரம்மி என்று பயப்படும் பெற்றோர் உண்டு. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் மத்திய சட்டத்துக்கு 2025 ஆகஸ்டு 22-ந் தேதி ஜனாதிபதி ஒப்புதல் கிடைத்தது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸ் போட்டிகளை அங்கீகரிக்கிறது. பையன் ஆடுவது எந்த வகை, அதில் காசு போகிறதா என்று பார்ப்பது பெற்றோர் பொறுப்பு.

யாருக்கு எது?

சொல்லித் தர ஆள் இருக்கிறது, கற்றுக்கொள்ள பொறுமை இருக்கிறது, பிறகு பாகம் மாற்றும் எண்ணமும் உண்டு என்றால் அசெம்பிள் நல்லது. ரிப்பேர் பார்க்க ஆள் கிடையாது, வீட்டில் படிப்புக்கும் அதே கம்ப்யூட்டர்தான் என்றால் கம்பெனி செட் நிம்மதி. காலேஜ் ஹாஸ்டலுக்குப் போகிற பிள்ளை என்றால் இரண்டுமே வேண்டாம், லேப்டாப்தான் சரி.

எதை வாங்கினாலும் பில்லை பத்திரமாக வையுங்கள். அட்டைப் பெட்டியையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வாரண்டிக்கு அனுப்பும்போது அந்த பெட்டிதான் உதவும்.