தென்னமரத் தோட்டமும் தேங்காய் எண்ணெயும்



'எண்ணெய்' என்னும் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். எள் + நெய் = எண்ணெய். எள்ளின் நெய்க்கு உரிய பெயராக இருந்த சொல், காலப்போக்கில் எல்லா வித்துகளின் நெய்க்கும் பொதுப்பெயராயிற்று. ஆகவே, 'தேங்காய் எண்ணெய்' என்கிறபோது தேங்காயோடு எள்ளையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்! இந்த எண்ணெய் மலேசிய மண்ணில் நம்மவர் வாழ்வோடு எவ்வாறு கலந்தது, எவ்வாறு விலகியது, இன்று எந்தக் கோலத்தில் திரும்பியுள்ளது என்பதைக் காண்போம்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் சவர்க்கார ஆலைகள் பெருகின. பின்னர் மார்ஜரின் ஆலைகளும் தாவரக் கொழுப்பைத் தேடின. அத்தேவையை நிறைவு செய்த பொருள்களுள் ஒன்று கொப்பரை. தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் இச்சொல்தான் போர்த்துகீசியர் வழியாக ஆங்கிலத்தில் நுழைந்து 'கோப்ரா' ஆனது. மலாயாவின் மேற்குக் கரையில் பாகான் டத்தோ, ஊத்தான் மெலிந்தாங், கோலசிலாங்கூர் எனத் தென்னை பரவியது. மலாய்க்காரரும் சாவகரும் சிறுதோட்டங்களை வளர்த்தனர். பெருந்தோட்டங்களில் உழைத்தவர்களுள் தமிழர் பலர். நிலத்தில் நட்ட கூர்முனையில் குத்தி மட்டை உரிப்பதும், காயை இரண்டாக உடைப்பதும், சிரட்டையை எரித்த வெப்பத்தில் பருப்பை உலர்த்துவதும் அவர்களுடைய அன்றாட வேலைகள். நன்கு உலர்ந்த கொப்பரையின் எடையில் ஏறத்தாழ 60 முதல் 65 விழுக்காடு எண்ணெயே.

ஆலைக்குப் போன கொப்பரை ஒருபுறமிருக்க, வீட்டிலும் எண்ணெய் காய்ச்சினர். தேங்காயைத் துருவிப் பால் பிழிந்து, நீர் வற்றும்வரை அடுப்பில் வைத்தால் எண்ணெய் பிரியும். அடியில் பழுப்புக் கசடு தங்கும். அந்த எண்ணெய் தலைக்கும், குழந்தையின் உடம்புக்கும், வெடித்த குதிகாலுக்கும், துருப்பிடிக்கும் அரிவாளுக்கும் பயன்பட்டது. 1942 முதல் 1945 வரை நீடித்த சப்பானியர் ஆட்சியில் மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதானபோது விளக்கெரித்ததும் அதுவே, சவர்க்காரமானதும் அதுவே.

இனி, வரலாற்றின் வேடிக்கையைப் பாருங்கள். 1917இல் ஹென்றி ஃபோக்கொனியே என்னும் பிரெஞ்சுக்காரர் சிலாங்கூரில் ஒரு தோட்டத்தில் செம்பனையை நட்டார். இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுதான். அதன் பெயர் என்ன தெரியுமா? தென்னமரம்! நம் தமிழ்ப்பெயரேதான். தென்னையின் பெயர் தாங்கிய மண்ணில் வேரூன்றிய செம்பனை, 1960களுக்குப் பிறகு நாடெங்கும் பரவித் தென்னையைப் பின்னுக்குத் தள்ளியது. நம் அடுக்களையிலும் செம்பனை எண்ணெயே நிலைபெற்றது.

1980களில் மற்றோர் அடி விழுந்தது. வெப்பமண்டல எண்ணெய்கள் இதயத்துக்குப் பகை என்று அமெரிக்காவில் பெரும் பரப்புரை நடந்தது. சோயா வணிகத் தரப்பும் அதில் முன்னின்றது. அங்குள்ள உணவு ஆலைகள் பல, தேங்காய் எண்ணெயையும் செம்பனை எண்ணெயையும் கைவிட்டு, ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய்களுக்கு மாறின. அவற்றிலுள்ள டிரான்ஸ் கொழுப்பு அதனினும் கொடியது எனப் பின்னர் தெளிவாயிற்று. 2015இல் அமெரிக்க அரசே அதனை உணவிலிருந்து நீக்க ஆணையிட்டது.

இந்தத் திருப்பத்தைக் கண்ட சிலர், 'அன்று பழித்தது பொய். ஆகவே தேங்காய் எண்ணெய் அருமருந்து' என்று முடிவு கட்டிவிட்டனர். பழித்தவர் நோக்கம் வணிகமாக இருக்கலாம். அதனால் எண்ணெயின் இயல்பு மாறிவிடுமா? தேங்காய் எண்ணெயில் சுமார் 90 விழுக்காடு நிறைகொழுப்பு. செம்பனை எண்ணெயில் ஏறத்தாழப் பாதி. 2020இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 16 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். சோயா, சூரியகாந்தி போன்ற எண்ணெய்களோடு ஒப்பிடுகையில், தேங்காய் எண்ணெய் நல்ல கொழுப்பைச் சிறிது உயர்த்துவதோடு தீய கொழுப்பையும் உயர்த்துகிறது என்பதே அவர்கள் கண்ட முடிவு.

அப்படியானால் நன்மையே இல்லையா? உண்டு. அதன் கொழுப்பில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். அது மயிரிழைக்குள் ஊடுருவி, தலை கழுவும்போது ஏற்படும் புரத இழப்பைக் குறைக்கிறது என்று இந்திய ஆய்வாளர்கள் 2003இல் காட்டினர். வறண்ட தோலுக்கும் அது நல்ல காப்பு. நம் பாட்டிமார் தலையிலும் உடம்பிலும் தேய்த்தது வீண்போகவில்லை! தாளிதத்துக்குச் சிறிது சேர்ப்பதிலும் தவறில்லை. 24 பாகைக்குக் கீழே அது உறைந்துவிடும். கேமரன் மலை விடியலில் புட்டிக்குள் வெண்மையாகக் கட்டிபிடித்திருந்தால், அது கலப்படமன்று, அதன் இயல்பே.

கவலை வேறோரிடத்தில் உள்ளது. 'நாள்தோறும் இரண்டு கரண்டி குடித்தால் நீரிழிவு நீங்கும்' என்னும் செய்திகள் புலனத்தில் உலவுகின்றன. அவற்றை நம்பி மாத்திரையை நிறுத்துவோர் உளர். மலேசியாவில் நீரிழிவு இந்தியரிடையேதான் மிகுதி. இதயநோயும் அதன் பின்னே வருகிறது. இந்நிலையில் மருந்தை விட்டு எண்ணெயைக் குடிப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

கொப்பரைக்காக உழைத்த நம் முன்னோர் எண்ணெயின் அருமையை அறிந்திருந்தனர், அளவையும் அறிந்திருந்தனர். தலைக்கு வேண்டியதைத் தலைக்கு வைத்தனர். நாமும் அவ்வாறே செய்வோம். மாத்திரை உண்போர் மருத்துவரைக் கேளாமல் எதையும் நிறுத்தவேண்டாம்.

வாழ்க நலமுடன்!