பாஸ் மார்க் கல்

உங்கள் எடை என்ன? ஐம்பத்தைந்து கிலோ? அறுபது? பலசாலிகள் போட்டி என்றாலே, 'அதெல்லாம் தொண்ணூறு கிலோ ஆசாமிகள் சமாசாரம்' என்று சேனலை மாற்றிவிடுகிற ரகமா நீங்கள்? அப்படியென்றால் இந்த வாரம் உங்களுக்காகத்தான்.

மதுரையைச் சுற்றியிருக்கிற பழைய ஊர்களில், மந்தையிலோ கோயில் வாசலிலோ உருண்டையாக ஒரு கல் கிடப்பதைப் பார்த்திருக்கலாம். வழுவழுவென்று இருக்கும். பிடிக்க ஒரு விளிம்பு கிடையாது, கைப்பிடி கிடையாது. இளவட்டக்கல். இன்னொரு பெயர், கல்யாணக்கல். தூக்கினால்தான் பெண் கொடுப்பார்களாம்.

தூக்குவதென்றால் சும்மா இல்லை. முதலில் குத்தவைத்து உட்கார வேண்டும். இரண்டு கைகளாலும் கல்லைச் சேர்த்து அணைக்க வேண்டும். மெல்ல எழுந்து முழங்காலுக்குக் கொண்டுவர வேண்டும். அப்புறம் நிமிர்ந்து நெஞ்சுக்கு ஏற்ற வேண்டும். அங்கிருந்து தோளுக்கு. கடைசியில் தோளுக்குப் பின்பக்கமாகத் தரையில் விட வேண்டும். அவ்வளவுதான், மாப்பிள்ளை ரெடி!

கலித்தொகையின் முல்லைக்கலியில் காளையை அடக்கியவனுக்குத்தான் பெண். இங்கே காளைக்குப் பதில் கல். காளையாவது களைத்துப் போகும். கல் களைக்காது.

இப்போது ஒரு நியாயமான கேள்வி வரவேண்டும். வந்துவிட்டதா? எண்பது கிலோ ஆளுக்கும் அதே கல், ஐம்பத்தைந்து கிலோ ஆளுக்கும் அதே கல் என்றால் அது என்ன நியாயம்?

பதில் தேடி கொஞ்சம் தூரம் போவோம். ஸ்காட்லாந்து.

அங்கேயும் இதே கல் இருக்கிறது. பெயர்கூட கிட்டத்தட்ட நம்முடையதுதான். அவர்களுடைய கேலிக் மொழியில் அதை 'ஆண்மகனின் கல்' என்ற பொருளில் அழைத்தார்கள். இடுப்பு உயரத்துக்குத் தூக்கிவிட்டால் பையன் ஆம்பளை ஆகிவிட்டான் என்று அர்த்தம். அந்த ஊர்க்காரனும் நம் உசிலம்பட்டிக்காரனும் எந்தக் காலத்தில் பேசிவைத்துக்கொண்டார்கள் என்று கேட்காதீர்கள்.

இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் ஐஸ்லாந்து. அங்கே ஒரு கடற்கரையில் நான்கு கற்கள் இன்றும் கிடக்கின்றன. 154 கிலோ, 100 கிலோ, 54 கிலோ, 23 கிலோ. மீன்பிடிப் படகில் வேலை கேட்டு வருகிறவனுக்கு அங்கேதான் இன்டர்வியூ. 154 கிலோவைத் தூக்குகிறவனுக்கு 'முழு பலசாலி' என்று பட்டம். 23 கிலோ மட்டும் தூக்குகிறவனுக்கு 'சோப்ளாங்கி' என்று பட்டம். ஆனால், படகில் ஏற 154 தேவையில்லை. 54 கிலோ கல்லை இடுப்பு உயரப் பாறையில் வைத்துவிட்டால் போதும். வேலை கிடைக்கும்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. அந்தக் கல் கேட்டது, 'இந்த ஊரிலேயே நீதான் பெரிய பலசாலியா?' என்றல்ல. 'வேலைக்குத் தாங்குவாயா?' என்றுதான். நம் பாஷையில் சொன்னால் அது பாஸ் மார்க். ராங்க் அல்ல. முப்பத்தைந்து எடுத்தவனும் பாஸ், தொண்ணூறு எடுத்தவனும் பாஸ். இளவட்டக்கல்லும் அப்படித்தான். பத்துப் பேர் தூக்கினால் பத்துப் பேருமே இளவட்டம்தான். ஒல்லியாக இருப்பவனுக்குக் கஷ்டம் அதிகம், வாஸ்தவம். ஆனால், பக்கத்து வீட்டுப் பயில்வானை ஜெயிக்க வேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை.

பாஸ் மார்க் எப்போது ராங்க் ஆனதோ, அப்போது ஆரம்பித்தது வம்பு.

1896. ஏதென்ஸ். முதல் நவீன ஒலிம்பிக். பளுதூக்குதலில் எடைப் பிரிவு என்று ஒன்றுமே கிடையாது. இரண்டு கைப் போட்டியில் டென்மார்க்கின் விகோ ஜென்சன் 111.5 கிலோ தூக்கினார். ஸ்காட்லாந்து வம்சாவளியைச் சேர்ந்த லான்ஸ்டன் எலியட்டும் அதே 111.5 கிலோ. (எலியட் பிறந்தது எங்கே தெரியுமா? நம் இந்தியாவில், அன்றைய பம்பாய் மாகாணத்தில்!) நடுவர் கிரேக்க இளவரசர் ஜார்ஜ். தூக்கிய விதம் யாருடையது சுத்தம் என்று பார்த்து, ஜென்சனுக்கு முதலிடம் கொடுத்தார். ஒற்றைக் கைப் போட்டியில் எலியட் 71 கிலோ தூக்கிக் கணக்கைத் தீர்த்துக்கொண்டார்.

ஒல்லியானவர்கள் ஒலிம்பிக் மேடையில் தங்களுக்கென்று ஓர் இடம் பிடிக்க 1920 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருட ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில்தான் பளுதூக்குதலை ஐந்து எடைப் பிரிவுகளாகப் பிரித்தார்கள். ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் விளையாட்டுகளோ குண்டு எறிதல், சுத்தியல் எறிதல், மரம் எறிதல் என்று பெரும்பாலும் கனத்த ஆட்களின் ராஜ்ஜியமாகவே நீடித்தன. பிற்பாடு அமெரிக்காவில் நடக்கும் ஹைலேண்ட் போட்டிகளில் 'லைட்வெயிட்' என்று தனிப் பிரிவு வந்தது. எவ்வளவு லைட் என்கிறீர்கள்? சுமார் 90 கிலோவுக்குக் கீழே! நம் ஊரில் அவருக்குப் பெயர் பயில்வான்.

எடைப் பிரிவு என்ன செய்யும் என்பதற்கு சாட்சி வெகுதூரத்தில் இல்லை. வேலூர். 2014-ம் வருடம் காமன்வெல்த் போட்டி நடந்தது, அதே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில். 77 கிலோ பிரிவில் வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 149, 179, மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 179 என்றால் அவர் பிரிவின் எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கற்களின் தேசத்திலேயே போய் ஜெயித்த தமிழர்!

சரி, நீங்கள் ஒல்லி. எங்கே ஆரம்பிப்பது?

கீழமாசி வீதிக்குப் போய் லோடு இறக்குகிறவர்களைப் பாருங்கள். பலர் ஒல்லிதான். ஆனால், மூட்டை அவர்கள் உடம்பை விட்டு விலகுவதே இல்லை. சூட்சுமம் அதுதான். தராசுக் கணக்கு. கனத்த ஆள், கல் கொஞ்சம் முன்னால் போனாலும் பின்பக்கம் சாய்ந்து தன் எடையை எதிர்த்தட்டில் வைத்துச் சமாளித்துவிடுவார். உங்களிடம் அந்த எதிர்த்தட்டு சின்னது. ஆகவே, கல்லை ஒட்டி அணைத்தே தீரவேண்டும். முதுகை வளைத்து இழுக்காமல், உட்கார்ந்து, காலாலும் இடுப்பாலும் எழும்ப வேண்டும். எடுத்தவுடன் மந்தைக் கல்லில் கை வைக்காதீர்கள். சாக்கில் இருபது கிலோ மணல் போதும். பழகப் பழகக் கூட்டுங்கள். சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால் ரொம்ப நல்லது. முதுகுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடையாது.

திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கலுக்கு இளவட்டக்கல் போட்டி நடக்கிறது. ஒன்றல்ல, பல எடைகளில் கற்கள். பெண்களும் வந்து தூக்குகிறார்கள். கல்யாணக்கல்லை மணப்பெண்ணே தூக்கிக் காட்டினால் மாப்பிள்ளை என்ன செய்வார், பாவம்! ஆனால், பழைய பாஸ் மார்க்கில் ஒரு ஓட்டை இருந்ததை அந்த ஊர் அடைத்துவிட்டது. பாதி ஊரை அது பரீட்சைக்கே கூப்பிடாமல் விட்டிருந்தது.

பல ஊர்களில் கல் மண்ணில் பாதி புதைந்து கிடக்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போனால் எங்கே இருக்கிறது என்று பெரியவர்களிடம் விசாரியுங்கள். தூக்க வேண்டாம். சுற்றியிருக்கிற மண்ணை மட்டும் தள்ளிவிட்டு வாருங்கள். தூக்குவதற்கு யாராவது வருவார்கள். அந்த ஆள் ஒல்லியாகவும் இருக்கலாம்.