ஆற்றில் இறங்குவது யார்?

சுத்திகரித்த கழிவுநீரை ஆற்றில் விடும் முன் மிச்சமிருக்கும் கிருமிகளையும் கொன்றுவிட வேண்டுமா? ‘இதுல என்ன யோசனை, கொல்லணும்’ என்றுதான் நானும் நினைத்திருந்தேன், சிகாகோவின் கதையைப் படிக்கும்வரை.

குடிநீர் தரும் மிச்சிகன் ஏரியில் சாக்கடை கலக்கக் கூடாதென்று, 1900இல் கால்வாய் வெட்டி ஆற்றின் போக்கையே மிசிசிப்பி பக்கம் திருப்பியது அந்நகரம். கீழே இருந்த செயின்ட் லூயிஸ் நகருக்காக மிசௌரி மாநிலம் வழக்குப் போட்டது. டைபாய்டு கிருமி ஏறக்குறைய 575 கிலோமீட்டர் பயணத்தில் பிழைக்குமா? தீங்கற்றதென்று அப்போது கருதப்பட்ட ஒரு பாக்டீரியாவைப் பீப்பாய்களில் கொண்டுவந்து கால்வாயில் கொட்டிப் பார்த்தார்கள். 1906இல் உச்ச நீதிமன்றம் நிரூபணம் போதாதென்று வழக்கைத் தள்ளியது.

பிறகு சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, குளோரினும் வந்தது. கிருமி செத்தது. ஆனால் குளோரின் ஆள் பார்த்துக் கொல்வதில்லை. நீரில் தங்கும் சொற்ப மிச்சமே மீனின் செவுள்களைப் புண்ணாக்கும். நீரிலுள்ள கரிமப் பொருட்களோடு சேர்ந்து குளோரோஃபார்ம் போன்றவற்றையும் உண்டாக்கும். குடிநீரில் இதை 1974இல் காட்டியவர் நெதர்லாந்தின் யோஹன்னஸ் ரோக். 1980களில் சிகாகோ குளோரினை நிறுத்தியது. இந்த ஆற்றில் யாரும் குளிப்பதில்லையே, மீனையாவது காப்பாற்றுவோம் என்பது வாதம். மீன்களும் திரும்பின, ஆக்சிஜன் ஏற்றியதும் மழைக்கால வழிதலைச் சேமிக்கச் சுரங்கங்கள் தோண்டியதும் அதற்குத் துணை.

ஆறு கொஞ்சம் தெளிந்ததும் துடுப்புப் படகுகள் வந்துவிட்டன. 11,000 பேருக்கு மேல் பங்கேற்ற ஓர் ஆய்வில், இங்கே படகோட்டியவர்களுக்கும் மற்ற நீர்நிலைகளில் ஓட்டியவர்களுக்கும் வயிற்றுக்கோளாறு ஆபத்து கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் தண்ணீர் பக்கமே போகாதவர்களைவிட இரு தரப்புக்கும் அதிகம். முதல் வரியைக் காட்டி ‘அப்போ எதுக்குச் செலவு?’ என்றும் கேட்கலாம். இரண்டாவது வரியைக் காட்டி அதற்குப் பதிலும் சொல்லலாம்.

2011இல் கிருமிநீக்கம் செய்வதென்று முடிவானது. 2016இல் ஒரு நிலையத்தில் புற ஊதா விளக்குகள். இன்னொன்றில் குளோரின், பின்னாலேயே அதை முறிக்க இன்னொரு ரசாயனம். விளக்கு நீரில் எதையும் விட்டுச்செல்லாது. ஆனால் மின்சாரம் தின்னும், கலங்கிய நீரில் திணறும். இரண்டுமே நீரில் கரைந்த மருந்து மிச்சங்களை எடுப்பதற்கானவை அல்ல.

எங்கள் தொழிலில் இதை சர்க்குலர் டிபென்டன்சி என்போம். அழுக்கா இருக்குன்னு யாரும் இறங்கல. யாரும் இறங்கலைன்னு சுத்தம் பண்ணல. நன்மை தீமைக் கணக்கை எத்தனை முறை போட்டாலும் இந்த வட்டம் உடையாது. யாராவது முதலில் இறங்க வேண்டும், அல்லது இறங்குவார்கள் என்று நம்ப வேண்டும்.

2025 செப்டம்பரில், ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, சிகாகோ ஆற்றில் நீச்சல் போட்டி நடந்தது.