அண்ணாமலை: குறியீடும் உருவகமும்

திருவண்ணாமலைக் கோயிலுக்கு மேற்கே, சுமார் 800 மீட்டர் உயரத்தில் நிற்கும் கல்மலையைச் சுற்றித் தமிழில் வளர்ந்த குறியீட்டு மரபு. தேவாரத்தில் தொடங்கி 20ஆம் நூற்றாண்டின் ஆங்கில நாவல்வரை இதன் தடம் நீள்கிறது. மலை எதைக் குறிக்கிறது என்று கவிஞரும் உரைகாரரும் விளக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். மலை எதையும் குறிக்கவில்லை, அதுவே சிவம் என்று அதே மரபு மறுத்தும் வந்திருக்கிறது.

இதன் வேர் அடிமுடி தேடிய கதை. அயனும் மாலும் தம்மில் யார் பெரியவர் என்று மோதிக்கொள்ள, நடுவே சிவன் ஒரு தீப்பிழம்பாக எழுகிறார்; அந்தப் பிழம்பே இந்த மலையானது என்பது நம்பிக்கை. மால் பன்றியாகி நிலத்தைக் குடைகிறார். அயன் அன்னமாகி மேலே பறக்கிறார். அடியும் கிடைக்கவில்லை, முடியும் கிடைக்கவில்லை. முடியைக் கண்டதாகச் சொன்ன அயனுக்காகப் பொய்ச்சாட்சி சொன்ன தாழம்பூ சிவபூசைக்கு ஆகாத பூவாயிற்று. ஒரு கதையின் உட்பொருள் பூக்கூடைவரை சட்டமாக இறங்கியதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. திருஞானசம்பந்தர் தம் பதிகங்களில் எட்டாம் பாடலை இராவணனுக்கும், ஒன்பதாம் பாடலை இந்தத் தேடலுக்கும், பத்தாம் பாடலைச் சமண பௌத்தர்மீதான கண்டனத்துக்கும் ஒதுக்குவது வழக்கம். அதனால் அவர் எந்த ஊரைப் பாடினாலும் அண்ணாமலைக் கதை ஒன்பதாம் பாட்டில் வந்து நிற்கும். அண்ணாமலைமீதே அவர் பாடிய பதிகங்கள் இரண்டு. அவற்றில் தத்துவத்தைவிட அருவியும் காடும் விலங்குகளும்தான் கண்ணில் படுகின்றன. வடமொழியில் கந்தபுராணத்தின் அருணாசல மாகாத்மியமும், தமிழில் எல்லப்ப நாவலரின் அருணாசல புராணமும் கதையை விரித்தன. யுகந்தோறும் மலை உருமாறியது என்பது புராண வழக்கு. முதலில் நெருப்பு, பிறகு மணி, பிறகு பொன், நம் காலத்தில் வெறும் கல்.

மாணிக்கவாசகர் இந்த ஊரில் பாடியதாகச் சொல்லப்படும் திருவெம்பாவை மேல்பார்வைக்கு எளியது: மார்கழி விடியலில் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி எழுப்பிக்கொண்டு நீராடப் போகிறார்கள். இருபது பாடல்கள். கேலியும் உண்டு, கோபமும் உண்டு. முதல் பாட்டே தொடக்கமும் முடிவும் அற்ற ஒளியைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறது. ஆனால் பழைய குறிப்பு இப்பகுதியின் கருத்தைச் 'சத்தியை வியந்தது' என்கிறது. அதைப் பிடித்துக்கொண்ட உரையாசிரியர்கள், இவர்கள் ஊர்ப்பெண்கள் அல்லர், சிருஷ்டிக்காக ஒன்றையொன்று எழுப்பும் ஒன்பது சக்திகள் என்றார்கள். விளக்கம் நுட்பமானதுதான். ஆனால் தூக்கம் கலையாத தோழியை வாசலில் நின்று சீண்டும் குரலை அது கொஞ்சம் அமுக்கிவிடுகிறது.

கார்த்திகைத் திருவிழாவில் உருவகம் நிகழ்த்தப்படுகிறது. விடியலில் பரணி தீபம்: ஒரு சுடர் ஐந்தாகும், ஐந்து ஒன்றாகும். மாலையில் அர்த்தநாரீசுவரர் சில நிமிடமே வெளியே வந்து காட்சி தந்ததும் மலை உச்சியில் மகாதீபம் ஏற்றப்படும்.

1896 செப்டம்பர் 1 அன்று இங்கே வந்த ரமணர் 1950இல் மறையும்வரை ஊரைவிட்டு நீங்கவில்லை. விரூபாட்ச குகையில் இருந்த காலத்தில், பிச்சைக்குப் போகும் சாதுக்கள் பாடுவதற்கென்று அவர் அருணாசல அக்ஷரமணமாலையை இயற்றினார். அகரவரிசையில் 108 கண்ணிகள். உயிர் மணப்பெண், மலை மணவாளன். அந்த மணவாளன் வீடு புகுந்து இழுத்துவந்து தன் குகையில் சிறைவைப்பவன். பெண்ணோ அவனை ஏசவும் தயங்குவதில்லை. பக்தி மரபின் நாயகி பாவம்தான், ஆனால் நாயகன் இருக்கும் இடத்தில் ஒரு கல்மலை. கயிலை சிவன் வாழும் இடம், அருணாசலமோ சிவனே என்ற பழைய கொள்கையை ரமணரும் வலியுறுத்தினார். அப்படியானால் இதைக் குறியீடு என்று சொல்லவே முடியாது.

குறியீடா, நிஜமா என்ற இதே கேள்வியோடு மல்லுக்கட்டிய அமெரிக்க நாவலின் செவ்வியல் காலத்தை இதனருகே வைத்துப் பார்க்கலாம். ஹாதார்னின் 'தி ஸ்கார்லெட் லெட்டர்' (1850) நாவலில், தண்டனையாக மார்பில் தைக்கப்பட்ட ஓர் எழுத்துக்கு ஊரார் காலப்போக்கில் வேறு பொருள் கொள்கிறார்கள். அவருக்கு உருவகக் கதை வந்த வழிகளில் ஒன்று ஜான் பனியனின் 'பில்கிரிம்ஸ் பிராக்ரஸ்'; அதே நூல்தான் தமிழில் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகமாகவும் (1894) ஆனது. மெல்வில்லின் 'மோபி டிக்' (1851) அண்ணாமலைக்கு இன்னும் நெருக்கம். அதன் கதைசொல்லி, திமிங்கிலத்தை வெறும் உருவகம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாதே என்று கவலைப்பட்டு, நிஜத் திமிங்கிலங்களைப் பற்றிய சாட்சியங்களை அடுக்குகிறான். திமிங்கிலங்களின் பெருமை பேசும்போது விஷ்ணுவின் மச்சாவதாரத்தையும் துணைக்கு அழைக்கிறான். இங்கே பன்றியாகித் தோற்றவர் அங்கே மீனாகிச் சிறப்புப் பெறுகிறார்.

ஓர் அமெரிக்கக் கதாநாயகனை இந்த ஊருடன் இணைத்தவர் ஆங்கிலேயரான சாமர்செட் மாம். பால் பிரண்டனின் 'எ சர்ச் இன் சீக்ரெட் இந்தியா' (1934) ரமணரை மேலைநாடுகளில் அறிமுகப்படுத்தியிருந்தது. 1938இல் ரமணரின் ஆசிரமத்துக்கு வந்த மாம் அங்கே மயங்கி விழுந்தார். அது சமாதி நிலை என்று பேச்சுப் பரவியது. மாம் பிற்காலத்தில் எழுதிய 'தி செயிண்ட்' கட்டுரையில் அந்தப் பெருமையை ஏற்கவில்லை. ஒரு மயக்கம் குறியீடாக மாறுவதைத் தம் உடம்பிலேயே பார்த்த நாவலாசிரியர் அவர்.

அவருடைய 'தி ரேஸர்ஸ் எட்ஜ்' (1944) தலைப்பைக் கட உபநிடதத்திலிருந்து எடுத்துக்கொண்டது. முதல் உலகப்போரில் விமானியாக இருந்த லாரி டாரெல் என்ற அமெரிக்க இளைஞன் குருவைத் தேடி இந்தியா வருகிறான். ரமணரின் சாயலுள்ள குருவுக்கு நாவலில் ஸ்ரீ கணேசா என்று பெயர். ஊரும் திருவிதாங்கூருக்கு மாறிவிடுகிறது. ஒரு மலையில், விடியல் வெளிச்சத்தில், லாரிக்கு ஞானம் கிட்டுகிறது. 1946இலும் 1984இலும் கதை திரைப்படமானபோது அந்த மலை இமயத்துக்கே போய்விட்டது. அண்ணாமலைக்கு ஈடாக வேறொரு மலையை வைக்க முடியாது என்பது பக்தர் கட்சி; ஹாலிவுட்டுக்கு உயரமும் பனியும் போதுமானதாக இருந்தன.